"ஒண்ணும் நடக்கலையே" என்று திருப்பி அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புகாரைப் பதியச் சொல்லும் அதன் 19ஆம் பிரிவைக் காவல் நிலையங்களுக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் தெருப் பையன், 13 வயது. கால்பந்து கோச் அவனுக்கு போன் ரீசார்ஜ் செய்தார், ஷூ வாங்கிக்கொடுத்தார். அப்புறம் ராத்திரியில் வாட்ஸ்அப்பில் "படம் அனுப்பு" என்று நச்சரிக்கத் தொடங்கினார். என்ன மாதிரிப் படம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா போனும் கையுமாகக் காவல் நிலையத்துக்கு ஓடினார். அங்கே போன் கைமாறிக்கொண்டே போனது. மேசையில் இருந்தவர் செய்திகளைச் சத்தமாகவே படித்தார். வேறு வழக்குக்கு வந்திருந்தவர்களும் கேட்டார்கள். பையன் தலை நிமிராமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் கிடைத்த பதில்: "பையன்தானேம்மா? ஒண்ணும் நடக்கலையே. நம்பரை பிளாக் பண்ணிட்டுப் போங்க."

குழந்தையிடம் அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் விசாரிக்கச் சொல்கிறது 24ஆம் பிரிவு. ஆபாசப் படத்துக்காக ஆசை காட்டினாலே 11ஆம் பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை. ஆண், பெண் பேதம் சட்டத்தில் இல்லை. குற்றம் நடக்கலாம் என்ற அச்சத்தோடு ஒருவர் வந்தாலும் எண் போட்டு எழுத்தில் பதிய வேண்டும் என்பதுதான் 19ஆம் பிரிவு. பதிய மறுத்தால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. இதுவரை எத்தனை பேர் போயிருக்கிறார்கள் ஐயா?

அந்த கோச் இப்போது பக்கத்து ஊரில் பயிற்சி கொடுக்கிறார். குழந்தைகளோடு பழகும் இடங்களில் ஊழியர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றனவே, இவருக்கு அதுவும் முடிந்துவிட்டதாம். சுத்தமான ஆள் என்று சான்றிதழ். புகாரே பதியாதபோது வேறென்ன வரும்? பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018இலேயே வந்துவிட்டது. தண்டனை பெற்றவர்கள்தான் அதில் இருப்பார்கள், காவல்துறைதான் பார்க்க முடியும். இவர் பெயர் அதில் ஏற வேண்டுமென்றால், பக்கத்து ஊர்க் குழந்தைக்கு முதலில் ஏதாவது "நடக்க" வேண்டும் போலிருக்கிறது.

2025 ஜனவரியில் பாலியல் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் புகாருக்கு எந்தத் தண்டனையைக் கூட்டி என்ன பயன்? ஹெல்மெட் போடாதவனுக்கு மட்டும் அபராத எஸ்.எம்.எஸ். தவறாமல் வந்துவிடுகிறது.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். குழந்தைக்கு ஆசை காட்டும் கட்டத்திலேயே வரும் புகாரையும் பதிந்து, அந்தப் பதிவு எண்ணைப் பெற்றோர் கையில் எழுதிக் கொடுக்கும்படி எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். இந்தப் பையன் புகாரிலிருந்தே தொடங்கலாம். அந்த அம்மா ஒரு செய்தியைக்கூட அழிக்கவில்லை.

இப்படிக்கு,
அதே தெருவில் பிள்ளை வளர்க்கும் ஒருவர்