உள்ளே விட்ட துணி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா மிலானிலிருந்து எழுதுகிறேன். நானும் உன் அண்ணன் குடும்பமும் நலம். குளிர்தான் விரலை மடக்க விடமாட்டேன் என்கிறது. மூன்று நாளாக உன்னிடம் போனில் பேசப் பார்க்கிறேன். நீ சினிமா செட்டில் இருக்கிறாய், "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்கிறாய். சரி, இது அவசரத்தில் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை என்று அண்ணனிடம் தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஊரில் லா ஸ்காலா என்று ஓர் ஓபரா அரங்கம் இருக்கிறது. 1778-இல் திறந்ததாம். ஓபராவில் கதை முழுவதையும் பாடியே நடிப்பார்கள், மைக் கிடையாது. டிக்கெட் விலையைக் கேட்டதும் நான் வேண்டாம் என்றுவிட்டேன். அண்ணன் அதற்குப் பதிலாக, அந்த அரங்கத்துக்கான செட்டும் உடையும் செய்கிற பட்டறைக்குக் கூட்டிப்போனான். வெளியாட்களையும் சில நாட்களில் உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை உன் நினைப்புதான்.

போர்ட்டா ஜெனோவா மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு அன்சால்டோ என்ற எஃகுத் தொழிற்சாலை இருந்த இடம். 2001 முதல் லா ஸ்காலாவின் பட்டறை. 20,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர். தச்சர், இரும்பு வேலைக்காரர், சிற்பி, ஓவியர், தையல்காரர் என்று 150 பேர் வரை வேலை செய்கிறார்கள். மூன்று பெரிய கூடங்கள். ஒன்றுக்கு லுகினோ விஸ்கோன்டி என்ற இயக்குநர் பெயர். இன்னொன்றுக்கு இந்த அரங்கத்தில் பல காலம் செட் வேலையை நடத்திய நிக்கோலா பெனுவா பெயர். மூன்றாவது கூடத்தின் பெயர் கராம்பா. அது பட்டப்பெயராம். லூயிஜி சபெல்லி என்பவர், உடைகளை வடிவமைத்தவர். துணி வேலை பார்த்த ஒருவரின் பெயரைக் கட்டடத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 31 வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். எங்கள் வேலைக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

கூடங்களுக்கு மேலே இரும்பு நடைபாலம் போட்டிருக்கிறார்கள். அதில் நடந்தபடி கீழே நடக்கும் வேலையைப் பார்க்கலாம். ஓவியக் கூடத்தில் பெரிய பெரிய சீலைகளைத் தரையில் விரித்து வைத்திருந்தார்கள். நம் வீட்டையே அதில் சுருட்டிவிடலாம், அவ்வளவு பெரிது. ஓவியர்கள் சீலை மேலேயே நடந்து நடந்து, நீளக் கம்பு வைத்த பிரஷ்ஷால் நின்றபடியே எழுதுகிறார்கள். பெரிய வாசலில் கோலம் போடுகிற மாதிரிதான், குனியாமல் போடுகிறார்கள். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சீலையில் பெரிதாகப் போட்டுக்கொண்டு வரைகிறார்கள். நம் ஊரில் சினிமா பேனர் எழுதினவர்களும் இப்படித்தான் கட்டம் போடுவார்கள், நீ சின்னப் பிள்ளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து பார்த்திருக்கிறாய்.

முதலில் பாலத்துக்கு ஏறாமல் ஓரமாக நின்று பார்த்தேன். சாம்பல் நிறத் திட்டு, பழுப்புத் திட்டு, அவ்வளவுதான். தரை துடைத்த துணி மாதிரி இருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் தூண்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவில் வெயில் விழுகிறது! கீழே நிற்கிற ஓவியருக்கு அந்தத் தூண் தெரியவே தெரியாது. கடைசி வரிசையில் உட்காரப்போகிறவரின் கண்ணை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறார். இதை எப்படிப் பழகுகிறார்கள் என்று அண்ணனைக் கேட்டேன். "உன் மகளைக் கேளு" என்றான்.

சிற்பக் கூடத்தில் தெர்மாகோலைச் செதுக்கி ஆள் உயரத் தலைகள் செய்திருந்தார்கள். மேல்பூச்சுப் பூசிப் பெயின்ட் அடித்தால் பளிங்கு. நீயும் இதே வேலையைத்தான் செய்கிறாய் என்பது எனக்கு அங்கேதான் மண்டையில் ஏறியது. நீ சொல்லும்போது நான் காது கொடுத்ததில்லை.

இனி என் கூடத்துக்கு வருகிறேன். கராம்பா கூடத்தில்தான் உடை தைக்கிறார்கள், துவைக்கிறார்கள், சேர்த்தும் வைத்திருக்கிறார்கள். அறுபதாயிரத்துக்கு மேல் உடைகள். வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. டிசம்பர் 7 இந்த ஊரின் காவல் புனிதரான அம்புரோஸ் திருநாள். 1951-லிருந்து புது சீசன் அன்றைக்குத்தான் தொடங்குகிறதாம். அதனால் தையல் பகுதியில் யாருக்கும் நிமிர நேரமில்லை. மேசையில் சாக்கட்டி, குண்டூசி டப்பா, கழுத்தில் டேப். பாஷை புரியாவிட்டாலும் எனக்கு அந்த அறையில் எல்லாமே புரிந்தது.

ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நீல வெல்வெட் கவுன் ஒன்றை உள்பக்கம் புரட்டிப் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓரத் தையலுக்கு அப்பால் இரண்டு விரற்கடைக்கும் கூடுதலாகத் துணி விட்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்து, அருகில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். முதுகில் ஜிப் கிடையாது. வளையம் வைத்து, கயிறு கோத்து இறுக்குகிற மாதிரி. மூச்சை இழுத்துப் பாடும்போது விலா விரிகிறது, அதற்கு இடம் வேண்டும். கழுத்துக்கு உள்ளே ஒரு வெள்ளை நாடா, அதில் பாடகியின் பெயர். அதற்குக் கீழே வேறொரு பெயர். அதற்கும் கீழே இன்னொன்று, மை மங்கிப்போய்.

அண்ணன் கேட்டுச் சொன்னான். இன்றைக்கு ஒருவருக்கென்று தைக்கிறார்கள். சில வருஷம் கழித்து அதே ஓபராவைத் திரும்பப் போடும்போது வேறொருத்தி பாடுவாள், உடம்பு வேறாக இருக்கும். அப்போது பிரித்து விடத் துணி வேண்டும். அதனால் தைக்கும்போதே, யாரென்றே தெரியாத அடுத்தவளுக்காக உள்ளே துணி விட்டுவிடுகிறார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் போட்டிருந்த ஜாக்கெட்டின் ஓரத்தைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். உள்ளே மூன்று வரித் தையல், ஓர் அங்குலத் துணி. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆரம்ப காலத்தில் நான் வேலை பார்த்த கடையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதற்கு இவ்வளவு துணியை வீணாக்குகிறாய் என்று தினமும் திட்டு விழும். நான் விடுவதை நிறுத்தவில்லை. உன் அத்தையின் கல்யாண ஜாக்கெட்டை நானே மூன்று தடவை பிரித்து விட்டிருக்கிறேன்.

செட்டையும் அப்படித்தான் பத்திரப்படுத்துகிறார்கள். பிராங்கோ செஃபிரெல்லி என்ற இயக்குநர் 1963-இல் 'லா போயம்' ஓபராவுக்குப் போட்ட செட் வடிவத்தை அறுபது வருஷம் கழித்தும் மேடை ஏற்றுகிறார்களாம். கிழிந்தால் ஒட்டுவார்கள், வெளுத்தால் மறுபடி எழுதுவார்கள். முதலில் வேலை செய்தவர்களில் எத்தனை பேர் இன்று இருப்பார்களோ.

கண்ணு, இனிதான் நான் எழுத வந்ததே.

போன வருஷம் நீங்கள் நான்கு மாதம் கட்டிய அரண்மனை செட்டை ஒரே நாளில் இடித்தார்கள் என்று ராத்திரி போன் செய்து அழுதாய். "இடிக்கிறதுக்குத்தானே கட்டுறீங்க, இதுக்கா படிச்சே" என்று கேட்டேன். நீ ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டாய். அதற்கு முன்னாலும், ஆர்ட் டைரக்‌ஷனில் சேர்ந்தபோதே, "சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லியிருக்கிறேன். இரண்டுமே தப்பு. போனிலேயே சொல்லியிருக்கலாம், எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்த நிமிஷத்தில், என் மகளின் வேலையை நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லையே என்றுதான் தோன்றியது. என் வேலையின் உள்பக்கத்தை யாராவது பார்க்க மாட்டார்களா என்று இத்தனை வருஷம் ஏங்கியவள் நான். உனக்கு நானே அதைச் செய்யவில்லை.

சினிமா செட்டை யாரும் எடுத்து வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இங்கே மாதிரி அங்கே இல்லை, அந்த வருத்தத்துக்கு என்னிடம் பதிலும் இல்லை. நீ அழுதது சரிதான் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

உன்னிடம் கேட்கவும் நிறைய இருக்கிறது. தெர்மாகோலை எதை வைத்துச் செதுக்குகிறீர்கள்? அந்தத் தூள் மூச்சில் ஏறாமல் முகத்தில் துணி கட்டிக்கொள்கிறாயா? புதுச் சுவரைப் பழைய சுவராக்க என்ன பூசுவீர்கள்? இங்கே புது உடையை உப்புத்தாளால் தேய்த்து, சாயம் தெளித்துப் பழையதாக்குகிறார்கள், முழங்கையும் மடிப்பும் மட்டும் தேய்ந்திருக்கும்படி. ஏழைப் பெண் வேஷத்துக்கு அவ்வளவு பாடு.

அந்த அரண்மனைத் தூணோடு நீ நின்ற போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். அன்றைக்கு நான் திறந்து பார்க்கவில்லை, இப்போது தேடினால் கிடைக்கவில்லை. திரும்ப அனுப்பு. கிட்டத்தில் எடுத்தது ஒன்று, தூரத்தில் நின்று எடுத்தது ஒன்று, இரண்டும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் ஊருக்குப் போய் அப்பாவைப் பார். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா என்று கவனி. நான் ஜனவரி இரண்டாம் வாரம் சென்னையில்தான் வந்து இறங்குகிறேன். உடனே மதுரைக்குப் பஸ் ஏற்றி விட்டுவிடாதே. உங்கள் செட்டுக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள் என்றால் வாசலில் நிற்கிறேன், வேலை முடிந்ததும் நீயே உள்ளே கூட்டிப்போய், நீ செய்தது எது என்று ஒவ்வொன்றாகக் காட்டு.

அன்புடன்,
அம்மா