கூட்டலில் முடிகிற கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முன்பு தெரிந்ததோடு புதுத் தரவைச் சேர்த்து ஊகத்தைத் திருத்துவதுதான் பேய்சியன் கணக்கு. அதைப் போடும் மென்பொருள்களைப் பற்றி நெடுநாளாக ஒன்று சொல்ல வேண்டும் என்றிருந்தேன். அதைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக்குக் கனோடெர்மா என்ற பூஞ்சை நோய் வந்து அடித்தண்டு அழுகுகிறது. விரியாத குருத்து மூன்று நான்கு நிற்பதைப் பார்த்தே, பத்தில் ஒரு மரம் போயிருக்கும் என்பார் அப்பா. அவர் அனுபவத்தை 20 மரம் பார்த்து 2 நோய் கண்டதற்குச் சமமாக வைத்தேன்: பீட்டா 2, 18. பீட்டா என்பது ஒரு விகிதம் எவ்வளவு இருக்கலாம் என்ற ஊகத்தைச் சொல்லும் பரவல்; இங்கே நோய் 2, நலம் 18. அப்புறம் நாங்கள் 40 மரம் பார்த்தோம், 6 மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான். இரண்டோடு 6, பதினெட்டோடு 34 கூட்டினால் பீட்டா 8, 52. சராசரி 60க்கு 8, அதாவது 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நோட்டுப் புத்தகத்தில் ஒரே வரி! கணக்குக்கு முன்னும் பின்னும் பரவல் ஒரே குடும்பத்தில் நிற்பதால் வரும் வசதி இது. தரவு பார்க்குமுன் வைக்கும் ஊகம் முன்பரவல்; இப்படி அதே குடும்பத்தில் நிற்பது இணை முன்பரவல். ராய்ஃபாவும் ஷ்லைஃபரும் 1961இல் வைத்த பெயர்.

நான் எழுதிய நிரலில் பீட்டாவுக்குப் பைனாமியல் (இத்தனையில் எத்தனை என்ற எண்ணிக்கை), காமாவுக்குப் பாய்சான் (ஒரு காலத்தில் எத்தனை முறை என்ற எண்ணிக்கை) என்று ஜோடி ஜோடியாக அட்டவணை போட்டிருந்தேன். நாளுக்கு இத்தனை என்பதை வாரத்துக்கு மாற்ற ஏழால் பெருக்கியதுமே அதற்கு ஜோடி அடையாளம் தெரியவில்லை, கூட்டலில் முடிவதை விட்டுவிட்டு விடையைத் தோராயமாகக் கண்டுபிடிக்கத் தற்செயல் எண்களை ஆயிரக்கணக்கில் மாதிரி எடுக்கக் கிளம்பிவிட்டது.

உண்மையில் அட்டவணையே வேண்டாம். பைனாமியல், பாய்சான் போன்றவை அடங்கிய எக்ஸ்பொனென்ஷியல் குடும்பத்துப் பரவல் எதுவானாலும், தரவு முழுவதையும் ஒரு சில கூட்டுத்தொகையில் அடக்கிவிடலாம். முன்பரவல் அந்தக் கூட்டுத்தொகையையும், எத்தனை தரவுக்குச் சமம் என்ற எண்ணையும் வைத்திருக்கும், புதுத் தரவு வந்தால் இரண்டிலும் கூட்ட வேண்டியதுதான். 1979இல் டயக்கோனிஸும் இல்விசேக்கரும் இதைப் பொது வடிவில் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு பரவலும் தன் கூட்டுத்தொகை எது என்று தானே சொல்லும்படி எழுதினால், நாளை ஒருவர் புதிதாகச் சேர்க்கும் பரவலுக்கும் அதே ஒரு விதி ஓடும்.

அப்பா பத்தில் ஒன்று என்கிறார், மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) மூன்றில் ஒன்று என்கிறார், இருவரையும் நம்ப வேண்டும், என்ன செய்வது? இரண்டு பீட்டாவைக் கலந்து வையுங்கள். இரண்டும் தனித்தனியே கூட்டிக்கொள்ளும், யார் சொன்னது தரவுக்கு நெருக்கமோ அவர் பக்கம் எடை கூடும். இதற்கும் மாதிரி எடுக்கத் தேவையில்லை.

பேய்சியன் மென்பொருள்களில் ஜாக்ஸும் நிம்பிளும் இணை உறவைத் தேடிப் பார்த்துப் பயன்படுத்துகின்றன, ஸ்டான் அந்த வழியில் போவதில்லை. எல்லா மாதிரியமைப்பும் இணையாக அமையாது, சரி, அங்கே மாதிரி எடுக்கட்டும். ஆனால் எந்த வழியில் போனது என்று திரையில் காட்ட வேண்டும்.

தங்கள் மாணவர் பக்கத்தில் அந்த 40 மரக் கணக்கைப் போடுங்கள், ஐயா. நிரல் எழுதப் பழகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஜோடி அட்டவணையிலிருந்து தொடங்காமல் கூட்டலிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்