திரையில வர்ற அந்த ஒரு நம்பர நம்பி ட்ரில் எடுக்காதீங்க: ஒரு திறந்த மடல்

ஆபரேஷன் நடக்கும்போது கருவி எலும்புல எங்க இருக்குன்னு திரையில காட்டுற நாவிகேஷன் மெஷின் செய்யுற கம்பெனிகளுக்கும், அத வச்சு எலும்பு ஆபரேஷன் பண்ற டாக்டர்களுக்கும்,

வணக்கம். முன்னாடியே எடுத்த சிடி ஸ்கேன் படத்தையும் டேபிள்ல படுத்திருக்குறவரோட எலும்பையும் ஒண்ணோட ஒண்ணு பொருத்துறதுதான் நம்ம வேலைக்கு அஸ்திவாரம். அதுக்கு இன்னமும் பல இடத்துல தோல வெட்டி சதைய ஒதுக்கி எலும்ப தொட்டு தொட்டு புள்ளி எடுக்குறோம், இல்லன்னா எக்ஸ்ரே மேல எக்ஸ்ரே. ஸ்க்ரூவுக்கு சின்ன துளை போதும், கம்ப்யூட்டருக்கு எலும்ப காட்ட மட்டும் பெரிய வெட்டு! 1992ல ரோபோடாக்ங்கிற ரோபோ இடுப்பு ஆபரேஷனுக்கு வந்தப்போ, பொருத்துறதுக்காக தொடை எலும்புல அடையாள பின் வைக்கவே முதல்ல ஒரு தனி ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு, பின் வச்ச முட்டில வலின்னு பேஷன்ட்ஸ் சொன்னதும் நடந்துச்சு.

அதனால அல்ட்ராசவுண்ட் வர்றதுல எனக்கு சந்தோஷம்தான். தோல் மேல வைக்குற ஸ்கேன் ப்ரோப்ல மார்க்கர் மாட்டி கேமரா அத ட்ராக் பண்ணும், எலும்போட மேல்பரப்பு வெள்ளை கோடா தெரியும், அதுக்கு கீழ கருப்பு நிழல், அந்த கோட்டுப் புள்ளிகள சிடி மாடலோட பொருத்திட்டா முடிஞ்சது. கதிர்வீச்சு இல்ல, வெட்டும் இல்ல (எலும்போட அசைவ ட்ராக் பண்ண பின் குத்துறது மட்டும் இன்னும் போகல, அத விளம்பரத்துல யாரும் சொல்றதில்ல).

என் சண்டை எங்கன்னா, பொருத்தி முடிச்சதும் திரையில ஒரு எரர் நம்பர் காட்டுறீங்களே, அதுல. அந்த நம்பர் புள்ளிகள் மாடல் மேல எவ்ளோ ஒட்டி இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது, ஸ்க்ரூ போய் சேர வேண்டிய ஆழத்துல எவ்ளோ தப்புன்னு சொல்லல. தொடை எலும்போட நடு தண்டுல மட்டும் ஸ்கேன் பண்ணா, கம்பில மாட்டின வளையல் மாதிரி மாடல் மேல கீழ நகரும், சுத்தும், அப்பவும் எரர் சின்னதாத்தான் இருக்கும். இது போக மெஷின் ஒலி வேகத்த பொதுவா வினாடிக்கு 1540 மீட்டர்னு வச்சுக்குது, கொழுப்புல அது சுமார் 1450 தான், அப்போ 4 செ.மீ கொழுப்புக்கு கீழ இருக்குற எலும்பு ரெண்டரை மில்லிமீட்டர் கூடுதல் ஆழத்துல தெரியும். முதுகெலும்பு பெடிக்கிள்ல, அதாவது நரம்ப ஒட்டி ஸ்க்ரூ போற அந்த குறுகலான எலும்புப் பகுதியில, ரெண்டரை மில்லிமீட்டர்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

கம்பெனிகளே, டார்கெட் இடத்துல எதிர்பார்க்குற எரர கணக்கு போட்டு காட்டுங்க, புள்ளிகள் ஒரே பக்கம் குவிஞ்சிருந்தா எலும்பு மேடா துருத்திட்டு இருக்குற பக்கம் போய் ஸ்கேன் பண்ணுன்னு திரையே சொல்லட்டும், கொழுப்புக்கு ஏத்த வேகத் திருத்தமும் உள்ளயே இருக்கட்டும்.

அது வர்ற வரைக்கும் டாக்டர்களே, ட்ரில் எடுக்குறதுக்கு முன்னாடி, பொருத்துறதுக்கு பயன்படுத்தாத வேற ஒரு இடத்துல ப்ரோப்ப அழுத்தாம வச்சு, அந்த வெள்ளை கோடு சிடி ஓரத்து மேல உக்காருதான்னு ஒருவாட்டி பாருங்க. உக்காரலன்னா முதல்ல இருந்து ஸ்கேன் பண்ணுங்க.

இப்படிக்கு,
ஸ்கேன் பக்கம் வேலை பாக்குற ஒருத்தன்