ஓய்வூதியரின் நாளுக்கும் நேரசூசி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வு பெறுகிறவருக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் புத்தி ஒன்றுதான்: நடவுங்கள், தோட்டம் செய்யுங்கள், கோயில் குளமென்று இருங்கள். பிழையான புத்தியில்லை. ஆனால் எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த மாதத்தில், முழங்கால் நோவோடு எப்படி என்று விளக்குவாரில்லை. அதனால்தான் மூன்றாம் மாதம் மண்வெட்டி கொட்டிலிலும் ஆள் ரீவிக்கு முன்னாலும் கிடக்க நேர்கிறது.

2022 தொடக்கத்தில் அரச ஊழியருக்கு ஓய்வு வயது 65 என்றார்கள். அந்த ஆண்டு முடியுமுன்பே 60 என்று குறைத்தார்கள். இன்னும் ஐந்து வருடம் கிடக்கிறது என்றிருந்த பலர் அந்த டிசம்பர் 31 உடன் வீட்டுக்கு வந்தார்கள். பணிக்கொடைப் பணத்துக்கு ஆளுக்கொரு திட்டம் இருந்தது. காலை எட்டரைக்கு என்ன செய்வது என்பதற்குத் திட்டம் இருக்கவில்லை.

கந்தோர்க் காலத்தில் நாளை ஒழுங்குபண்ணித் தந்தது கையெழுத்துப் புத்தகம். எட்டரைக்குக் கையெழுத்து, பன்னிரண்டரைக்குச் சோறு, நாலேகாலுக்குப் பஸ். அது போனதும் எழும்பும் நேரம் ஐந்தரையிலிருந்து ஏழரைக்கு வழுக்கும். காலைச் சாப்பாடு பத்துக்கு, மத்தியானச் சோறு மூன்றுக்கு, தூக்கம் ஐந்து மணி வரைக்கும். பிறகு இரவு ஒரு மணிக்கும் கண் மூடாது. இதில் அடிபடுவது குளிசை. காலைக் குளிசை பத்தரைக்குப் போகும், இரவுக் குளிசை மறந்துபோகும். கிளினிக்கில் பிரஷர் கூடிக் காட்டும், டொக்டர் குளிசையைக் கூட்டுவார். கூட்டியதை ஒழுங்காக விழுங்கிய அன்று எழும்பி நிற்க முடியாமல் தலை சுற்றும். ‘ஓய்வு எடுத்த பிறகுதான் வருத்தமெல்லாம் வந்தது’ என்று சொல்லக் கேட்கிறோமே, அதில் ஒரு பங்கு இந்த வழுக்கலால் வந்தது.

ஆகவே முதலில் ஒன்றை மட்டும் பிடியுங்கள்: எழும்பும் நேரம். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாலும் அதே நேரத்தில் எழும்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். இரண்டு கிழமை இதைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டாம். அடுத்த இரண்டு கிழமையில் மத்தியானச் சாப்பாட்டை ஒரு மணிக்கு முன் கொண்டுவாருங்கள். மூன்றாவதாக, பகல் தூக்கம். இந்த வெக்கையில் அதை விடச் சொல்வது நடக்காத காரியம். ஆனால் அலாரம் வைத்து அரை மணித்தியாலம், அதுவும் மூன்று மணிக்கு முன். ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் தூங்கினால் இரவுத் தூக்கத்தில் அவ்வளவும் கழியும். நாலரைத் தேத்தண்ணிதான் அன்றைக்குக் கடைசித் தேத்தண்ணியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குகிறவர் அடுத்த திங்களுக்குள் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்.

நடைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிழமைக்கு 150 நிமிடம். நாளுக்கு அரை மணித்தியாலமாக ஐந்து நாள். ஒரேயடியாக முடியாதவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் கணக்கில் சேரும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது; வேகத்துக்கு அதுவே அளவு. நம் பக்கத்தில் வெயில் ஏற முன், ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது. வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது கட்டாயம்.

கல்லடிக் கடற்கரையானாலும் திருக்கோவில் கடற்கரையானாலும் இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். காய்ந்த மணலில் கால் புதையப் புதைய நடந்தால் குதிகால் நரம்பு பிடித்துக்கொள்ளும். அலை நனைத்த இறுகிய மணல்தான் நல்லது. ஆனால் அந்த மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நெடுகப் போனால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். இடுப்பு நோவு அங்கிருந்து தொடங்கும். போகும் தூரத்தைப் பாதியாக்கி அதே வழியே திரும்புங்கள். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு மணலில் இறங்கவே கூடாது. பாதம் மரத்தவருக்குச் சிப்பி கீறியதும் தெரியாது, மணல் சுட்டதும் தெரியாது. வீடு வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய ஏலாதவர் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். இன்சுலின் போடுகிறவரும் கிளிக்ளசைட் போன்ற சீனி குறைக்கும் குளிசை எடுக்கிறவரும் மருந்தை எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு நடக்கப் போவது ஆபத்து. சேட்டுப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

நடை மட்டும் போதாது. விழுந்தெழும்பும் வயதில் தொடைப் பலம்தான் காப்பு. கைப்பிடி இல்லாத கதிரையைச் சுவரோடு சேர்த்து வைத்து, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, 30 செக்கனில் எத்தனை முறை முழுதாக எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆண் 14, பெண் 12. 65 முதல் 69 வரை ஆண் 12, பெண் 11. இதற்குக் குறைந்தால் விழும் அபாயம் கூட. அப்படியானவர் காலையும் பின்நேரமும் எட்டெட்டு முறை எழும்பி இருந்து பழகினாலே கால் தேறும். முதலில் மேசையைப் பிடித்துச் செய்யலாம், வெட்கமில்லை.

தோட்டத்தில் பிழைப்பது பெரும்பாலும் அளவில். வளவு முழுவதையும் கொத்திவிட்டு நாரி பிடித்துப் படுப்பவர்களே அதிகம். ஆறடிக்கு மூன்றடியாக இரண்டு பாத்தி போதும். வாவிக்கு மேற்கே படுவான்கரை மண் வேறு. கடலோரப் பக்கமான எழுவான்கரை மணல் தண்ணீரை நிறுத்தாது, பசளையையும் கீழே கொண்டுபோய்விடும். மாட்டெருவும் மக்கிய இலைகுழையும் கலந்து, மேலே காய்ந்த வைக்கோல் மூடாக்குப் போட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை பாதியாகும். தும்புத்தூள் போடுவதென்றால் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிப் போடுங்கள், உப்பு இருக்கும். மிளகாய்க்குக் கார்த்திகை மார்கழி மழை ஆகாது, வேர் அழுகும். தை பிறந்து மழை ஓயட்டும். அதுவரை கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் இருக்கிறது.

தொடங்குகிறவருக்கு ஏற்றது வெண்டி. விதையை இரவு ஊறவைத்து, ஒன்றரை அடி இடைவெளியில் குழிக்கு இரண்டாகப் போட்டு, முளைத்ததும் திறமான கன்றை மட்டும் விடுங்கள். 45, 50 நாளில் காய்க்கத் தொடங்கும். பிறகு இரண்டு நாளைக்கொரு தரம் பிடுங்கியே ஆகவேண்டும். விட்டால் முற்றி நாராகும், செடியும் காய்ப்பைக் குறைக்கும். நேரசூசிக்கு இதைவிட நல்ல மேற்பார்வையாளர் கிடைக்கமாட்டார். கத்தாழை வைத்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு பேச்சு வேண்டும். முப்பது வருடம் பகலில் இல்லாத மனுசன் திடீரென்று அடுப்படி வாசலில் நின்று ‘உப்புப் போட்டாச்சா’ என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? பத்து மணித் தேத்தண்ணியை அவரே ஊற்றிக் கொள்ளட்டும். பெண்களின் கதை வேறு. ஓய்வு பெற்ற ரீச்சருக்கு அடுத்த நாளிலிருந்து பேரப்பிள்ளைகளும் அடுப்படியும் முழுநேர உத்தியோகம். ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறீங்க அம்மா’ என்ற ஒரு சொல்லோடு அவருடைய நாள் பறிபோகும். ரியூஷனுக்குக் கூட்டிப்போவதானால் செவ்வாய், வியாழன் என்று நாள் குறித்துக் கொடுங்கள். மற்ற நாளில் மகனோ மருமகளோ பார்க்கட்டும்.

கிழமையில் ஒரு நாளாவது, நீங்கள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கோயில் நிருவாகம், பள்ளிவாசல், மரண உதவிச் சங்கம், கிராமத்து முதியோர் சங்கம், எதுவானாலும் சரி. எழுதுவினைஞராக இருந்தவர் சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் வாசிகசாலையில் இருந்து பிரதேச செயலகத்துக்குப் போகும் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தால் ஊரே தேடி வரும். ஆனால் முதல் வருடம் பொருளாளர் பதவியை மட்டும் ஏற்காதீர்கள். ஓய்வூதியர் என்றால் கணக்குப் புத்தகத்தைத் தலையில் கட்டுவது நம் சங்கங்களின் வழக்கம். நிம்மதி போகும், சொந்தக்காரரும் பகையாவார்கள்.

மாரிக்கு வேறு நேரசூசி. வெள்ளம் நிற்கிறதென்று நடையை நிறுத்தியவர் பங்குனியிலும் தொடங்கமாட்டார். 20 அடி விறாந்தையில் 80 தரம் போய்வந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர். ஈரச் சீமெந்தில் மட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை அரை மணித்தியாலம் வளவைச் சுற்றிச் சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய ரயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். கிழமைக்கு ஒரு தரம் தவறாமல் செய்தால் அது முந்தாது.

மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு வேண்டுகோள். பூங்காவிலும் வாவியோரத்திலும் வாங்கு போடும்போது இருக்கை 18 அங்குல உயரத்தில், இரு பக்கமும் கைப்பிடியோடு அமையட்டும். தாழ்ந்த, கைப்பிடியில்லாத வாங்கில் இருந்தால் முழங்கால் வருத்தக்காரருக்கு எழும்ப இன்னொருவர் கை தேவை. அதனால் அவர் இருப்பதில்லை, பிறகு வருவதுமில்லை. மற்றது, நடைபாதை உள்ள இடங்களில் கழிப்பறை காலை ஐந்தரைக்கே திறந்திருக்க வேண்டும். சீனி வருத்தமும் புரொஸ்டேட் வீக்கமும் உள்ளவர்கள் படலை தாண்டாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. இதை அவர்கள் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநிலைத் தாதிய உத்தியோகத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு.