ஸ்டிக்கர் ஒட்டினா மட்டும் கொலு பொம்மை உடையாம போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவராத்திரி நெருங்குது, மதுரைப் பக்கம் மண் பொம்மை செய்யுற ஊரான விளாச்சேரியில கொலு பொம்மை வாங்குற கூட்டம் ஆரம்பிச்சிருச்சு. நான் பக்கத்துல திருநகர்ல இருக்கேன், அதனால வெளியூர் சொந்தக்காரங்க எல்லாம் என்னையத்தான் வாங்கி அனுப்பச் சொல்லுவாங்க. போன வருஷம் புனேல இருக்குற மகளுக்கு தசாவதாரம் செட் அனுப்புனேன், பத்துல மூணு உடைஞ்சுதான் போய்ச் சேந்துச்சு, வாமனருக்குக் கை போச்சு, ராமருக்குக் கழுத்தே போச்சு, பிள்ளை போன்ல அழுதுட்டா. இத்தனைக்கும் பெட்டியில நாலு பக்கமும் உடையும் பொருள்னு சிவப்புல ஒட்டியிருந்தேன்.

பார்சல்காரங்க மேல கோவம் வந்துச்சு, ஆனா நான் கட்டுனதுலயும் தப்பு இருக்கு. பத்தையும் ஒரே பெரிய பெட்டியில வச்சு தெர்மாகோல் உருண்டையக் கொட்டிட்டேன். லாரி குலுங்கக் குலுங்க அது ஒதுங்கிக்கும், கனமான பொம்மை அடியில இறங்கி ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். பெட்டி கனமா இருந்தா தூக்குறவங்களும் பொத்துனு போடத்தான் செய்வாங்க, எத்தனை கை மாறுது, எல்லாரும் ஸ்டிக்கரப் படிச்சுக்கிட்டு இருக்க முடியுமா. இடுப்பு உயரத்துல இருந்து விழும்னு நெனச்சேதான் கட்டணும்.

இந்தத் தடவ பொம்மை செய்யுற பெரியவர் ஒருத்தர்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டேன். முதல்ல மெல்லிசான வெள்ளைப் பேப்பர், அதுக்கு மேலதான் பபிள் ஷீட், நேரா பபிள் ஷீட்டச் சுத்துனா சூட்டுல பெயின்ட்ல தடம் விழுந்துரும். கழுத்து, நீட்டுன கை, கையில இருக்குற வில்லு இதெல்லாம்தான் முதல்ல போகும், அந்தப் பள்ளத்துல எல்லாம் பஞ்சோ துணியோ வச்சு அடைச்சு பொம்மைய ஒரு உருளை மாதிரி ஆக்கிடணும். ஒவ்வொண்ணுக்கும் தனிச் சின்னப் பெட்டி, அதையெல்லாம் 5 பிளை, அதாவது அஞ்சு அடுக்கு அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு சுத்தி 2 அங்குலம் இடம் விட்டு, கசக்குன பேப்பர இறுக்கமா திணிக்கணும், காஞ்ச வைக்கோலும் ரொம்ப நல்லது ஆனா ஈரம் இருந்தா மண் பொம்மை கலரே போயிரும். மூடுனதும் குலுக்கிப் பாருங்க, உள்ள ஏதாவது அசையுற சத்தம் வந்தா யோசிக்காம பிரிச்சு மறுபடி அடைங்க. பழைய மளிகைக்கடைப் பெட்டி வேணாம், அட்டை நைஞ்சு போயிருக்கும். மழை நேரம்கிறதால உள்பக்கம் பாலிதீன் கவர் போட்ருங்க, கட்டும்போது செல்போன்ல ஒரு வீடியோவும் எடுத்து வைங்க.

பொம்மை விக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அளவுக்கேத்த பெட்டியும் நீங்களே வச்சு வித்தா, நூறு ரூபா அதிகமானாலும் சந்தோஷமா குடுப்போம், ஒரு பொம்மைக்கு நீங்க எத்தனை நாள் கை வலிக்க வேல பாக்குறீங்கன்னு பக்கத்துல இருந்து பாக்குறவ நான்.

உங்க பேப்பர்ல நவராத்திரி பக்கம் போடும்போது பொம்மை எங்க கிடைக்கும்கிறதோட எப்படிக் கட்டணும்னும் நாலு வரி போடுங்க, அதையும் மகாளய அமாவாசைக்கு மூணு வாரம் முன்னாடியே போட்டீங்கன்னா ஒண்ணு ரெண்டு உடைஞ்சாலும் படி வைக்கிறதுக்குள்ள வேற வாங்கி அனுப்பிடலாம்.

இப்படிக்கு,
வாசகி, திருநகர், மதுரை