தம்பிக்கு அப்பா எழுதுவது

கண்ணு,

போன ஞாயிறும் நீ போன் எடுக்கவில்லை. வேலை இருக்கும், சரி. இங்கே ஒரு உழவுக்கு மழை பெய்தது, செவலை கன்று போட்டது, மற்றதை அம்மா சொல்லியிருப்பாள். பெங்களூரில் தண்ணி நிறையக் குடி.

டிபி மாத்திரை சாப்பிட்ட காலத்தில் எனக்கு உள்ளங்கால் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தோட்டம் வரைக்கும் நடந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு பி6 வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். ஐசோனியசிட் என்கிற அந்த டிபி மருந்தை முறிக்கிறது கல்லீரலில் இருக்கிற நேட்-2 என்ற நொதியாம், எனக்கு அது மந்தமாம். நோய் இல்லை, பிறவிக்கூறு, நம் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்படித்தான் என்றார் டாக்டர். அப்பன் ஆத்தா இரண்டு பக்கமும் மந்தமான ஜீன் வந்தால்தான் இப்படி ஆகும். அப்படியென்றால் என் பங்கு ஒன்று உனக்கு நிச்சயம் வந்திருக்கிறது. அம்மா பங்கு என்னவென்று தெரியாது.

அதே நொதிதான் சாயத்தில் இருக்கிற அமீன் விஷங்கள் சிலவற்றையும் முறிக்கிறது. அது மெதுவாக நடந்தால், விஷம் வேறு வழியில் திரிந்து மூத்திரப்பைக்குப் போய் வேலையைக் காட்டும். 1895லேயே ஜெர்மனியில் ரேன் என்ற டாக்டர் சாயத் தொழிலாளிகளுக்கு அங்கே கட்டி வருவதைச் சொல்லிவிட்டார். நம் நாட்டில் அந்தச் சாயங்களை 1990களில்தான் தடை செய்தார்கள். பெரியப்பா அதற்கு முன்பே திருப்பூர்ப் பட்டறையில் வெறும் கையைத் தொட்டியில் விட்டவர், நகம் எப்போதும் நீலம். வாயில் பீடி. புகையிலும் அதே அமீன்கள் இருக்கின்றன, மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணமே புகைதானாம்.

உன்னைச் சொல்லவில்லை. ராத்திரி கண் முழிக்கிற வேலையில் டீக்கடைச் சேர்க்கை எப்படி என்று எனக்குத் தெரியாதா. நம் வளவில் கம்ப்யூட்டர் வேலைக்கு முதலில் போனது நீதான், பஸ் ஸ்டாண்டில் யார் கேட்டாலும் சொல்கிறேன். போன் எடுக்கத்தான் உனக்கு நேரமில்லை. தண்ணி குடி.

பெரியப்பா முதலில் என்னிடம்தான் சொன்னார். மூத்திரம் செம்மண் கரைத்த மாதிரி போகுது, வலி ஒன்றும் இல்லை என்றார். "பட்டறைச் சூடுதானுங்ணா, இளநி குடிங்க" என்றேன். இரண்டு நாளில் நின்றுவிட்டது, எனக்குப் பெருமை வேறு. அது விட்டு விட்டுத்தான் வருமாம். எட்டு மாதம் போய்விட்டது. பெரியம்மாவிடம் இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன லைட்டர் சாமி ரூமில் இருக்கிறது. விளக்குப் பற்றவைக்க நான் வாங்கி வந்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அதில்தான் ஏற்றினாள்.

அப்பா