செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25
ஜீவன்பீமா நகர் தமிழ் மகளிர், பெங்களூரு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சகோதரிகளே, வணக்கம்.

பொங்கல் விழா, நவராத்திரிக் கொலு, கண் பரிசோதனை முகாம் மூன்றும் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய பணியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம் வீடுகளில் முற்றம் இல்லை, மண் இல்லை. குழந்தை கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, இரண்டு வயதுக்குள் அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. கைப்பேசியைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? அந்தக் கைகளுக்கு வேறு வேலை வேண்டும். அதற்காகவே தொட்டும் அளைந்தும் விளையாடும் நேரத்தை மாதக் கூட்டத்தோடு சேர்த்தோம்.

கடையில் எதுவும் வாங்கவில்லை. தாம்பாளம் நிறைய ராகி, ஒரு கரண்டி, இரண்டு டம்ளர் இருந்தால் நான்கு வயதுக் குழந்தை வெகுநேரம் அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கும். கார்ன்ஃப்ளவர் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால், அழுத்தும்போது இறுகும்; கையைத் திறந்தால் விரலிடுக்கில் வழியும். பெரியவர்களும் அந்தத் தட்டை விட்டு எழ மனமில்லாமல் இருந்தார்கள்.

ஒரு சிறுமி பீட்ரூட் சாற்றில் ஊறிய ஜவ்வரிசியைப் பார்த்ததும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அம்மா கையைப் பிடித்து வைக்கப் போனார். நம் மூத்த உறுப்பினர் தடுத்து, ஒரு ஸ்பூனை மட்டும் கொடுத்தார். அன்று ஸ்பூனால் கிளறினாள். அடுத்த கூட்டத்தில் ஒரு விரல் உள்ளே போனது. பிறகு முழங்கை வரை சிவப்பு! கட்டாயப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே பெரியவர்களின் வேலை என்பதை நாங்கள் அனைவரும் அங்கே கண்டோம்.

2024 கோடையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டை நினைத்துச் சிலர் தயங்கியது நியாயமே. ஒரு சொம்புத் தண்ணீரே போதும். விளையாடி முடித்ததும் அது துளசிக்குப் போகட்டும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவற்றை மீண்டும் அழுத்திச் சொல்கிறேன். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் வாயில் போடும். கொள்ளு, புளியங்கொட்டை, பாசிமணி தொண்டையை அடைக்கும். மூக்கிலும் காதிலும் போய்ச் சிக்கும். அவர்களுக்கு வேகவைத்து மசித்த பூசணி, குழைந்த சேமியா, தயிர் போதும். பச்சை மாவும் உப்பிட்டுப் பிசைந்த மாவும் வயிற்றுக்குள் போகக் கூடாது. இரண்டு அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும் ஆபத்து உண்டு. அழைப்பு மணி அடித்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

வரும் ஆண்டில் பக்கத்து அங்கன்வாடியிலும் இதை நடத்தலாம் என்று செயற்குழு கருதுகிறது. விரிப்புகளும் தாம்பாளங்களும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன். வீட்டில் உபயோகமில்லாத வடிகட்டி, புனல், மூடியுள்ள டப்பா இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்